எந்த எழுத்துருவில் எழுதச் சொல்வது?

சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு முன்னிரவு. எங்கள் ஊர் தேவாரத்தின் கடைவீதியில், ஏலத்தோட்டத்து வேலை முடிந்து திரும்பும் பெண்களை ஜீப்புகள் இறக்கிவிட்டுச் செல்லும் முனையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே என் மாணவி ஒருத்தியும் நானும் நின்றுகொண்டிருந்தோம். அவளுடைய முதுகலை ஆய்வேடு மறுநாள் காலை பத்து மணிக்குள் துறையில் சேர வேண்டும். என் வீட்டுக் கணினியில் 84 பக்கங்களில் ஒழுங்காக அமைந்திருந்த ஆய்வேடு, கடைக் கணினியில் திறந்ததும் 91 பக்கங்களாக நீண்டது. மூன்றாம் இயல் 47ஆம் பக்கத்தில் என்று பொருளடக்கம் சொல்ல, இயல் தொடங்கியதோ 51இல். அட்டவணைகள் பக்கங்களுக்கு நடுவே முறிந்து கிடந்தன. இயல் தலைப்பொன்று ஒரு பக்கத்தின் அடியில் தனித்து நிற்க, அதன் முதல் வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தது.

கடைக்காரர் நிதானம் தவறாதவர். "டீச்சர், உங்க வீட்டுல இருக்குற ஃபாண்ட் இங்க இல்ல. அதான் கம்ப்யூட்டர் தானா வேற ஒண்ண எடுத்துப் போட்டுக்கிச்சு" என்றார்.

மாணவிக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு எழுத்துக்கூட மாறலையேம்மா, பக்கம் மட்டும் எப்படிம்மா மாறும்?"

நல்ல கேள்வி. அன்றிரவு பதினொரு மணி வரை அமர்ந்து பொருளடக்கத்தைக் கையால் திருத்தி அச்செடுத்தோம். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. அடுத்த ஆண்டு முதல் ஆய்வேடுகளையும் ஒப்படைப்புகளையும் எந்த எழுத்துருவில் அமைக்கச் சொல்வது என்பது பற்றி எங்கள் துறையில் இரு கூட்டங்கள் நடந்துவிட்டன, முடிவு எட்டப்படவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு முன் என் கருத்தை எழுத்தில் வைத்துவிடுவது நலம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். தமிழ்த்துறைக்கு இது வேலையா என்று கேட்போர் உண்டு. ஏட்டுச்சுவடியின் எழுத்தமைதியை ஒரு தாள் முழுக்கப் பாடமாக நடத்துகிறோம். கணினி ஏட்டின் எழுத்தமைதி மட்டும் எவருடைய வேலையாம்?

முதலில் என் சொந்தக் காயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2004இல் என் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக, இம்மலையடிவாரத்து ஊர்களில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களின் பாடல்களைத் தொகுத்தேன். விடியும் முன்னரே ஜீப்பில் அடைந்து போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள் அவர்கள். தேவாரத்திலிருந்து சாக்குலத்துமெட்டுக்குச் சாலை வந்தால் வழி குறையும் என்று அன்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். களைவெட்டுகையிலும் காய் பறிக்கையிலும் அவர்கள் பாடியவற்றை ஒலிநாடாவில் பதிந்து, கையால் எழுதி, பின் ஒரு தட்டச்சு மையத்தில் கொடுத்துக் கணினியேற்றினேன். பக்க வரம்பு மிகுந்துவிட்டதென்று நெறியாளர் சொன்னமையால் பாடல் தொகுப்பான பின்னிணைப்பை நீக்கிவிட்டு மூன்று இயல்களை மட்டும் கட்டமைத்துக் கொடுத்தேன். பின்னிணைப்பு ஒரு குறுந்தகட்டில் தங்கியது. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. கையெழுத்துப் படி வீடு மாறியதில் தொலைந்தது. குறுந்தகடு இருக்கிறதே என்று பதினைந்து ஆண்டுகள் கவலையற்று இருந்தேன்.

அதைத் திறந்த நாளில் திரையில் தெரிந்தவை ஆங்கிலச் சிற்றெழுத்துகள், அரைப்புள்ளிகள், பிறை அடைப்புகள், ஐரோப்பிய மொழிகளின் கொம்பு முளைத்த உயிரெழுத்துகள். தமிழ் ஒரு சொல் இல்லை.

காரணத்தை அன்பர்கள் பலர் அறிந்திருப்பர், இளையோருக்காகச் சொல்கிறேன். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் எட்டுநுண்மிக் குறியாக்கத்தில் அமைந்தவை. கணினி தன் நினைவில் சேமித்தது தமிழ் எழுத்தை அன்று. 256 எண்களுள் ஒன்றை. அந்த எண்ணுக்குரிய ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் ஒன்றை வரைந்து வைத்தார்கள். ஈழத்தவரிடையே பெருவழக்கில் இருந்த பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால், கணினி வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ, மயிலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்வரிசை. ஒன்றில் தகரம் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் வேறேதோ இருக்கும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயலாமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு தாம், தாப் என்னும் இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் அதற்கு இணையாகத் திஸ்கியை வளர்த்தெடுத்தனர். ஆக, பல தரங்களை ஒழிக்கவந்த தரங்களே மூன்றாயின. 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் மயிலை எழுத்துருவில் நூல்களை வெளியிட்டது. பிறகு திஸ்கிக்கு மாறியது. அதன்பின் ஒருங்குறிக்கு மாறியது. சங்க இலக்கியம் இன்று உங்கள் கைபேசியில் தடையின்றித் தெரிகிறதென்றால், சம்பளமில்லாத தன்னார்வலர்கள் அதை இருமுறை பெயர்த்து நட்டார்கள் என்பதே காரணம். அவர்களுக்குச் சிலை வைக்க வேண்டாம். பாடநூலில் ஒரு வரியாவது எழுதலாம்.

என் குறுந்தகட்டுக்கு வருகிறேன். சுரதா யாழ்வாணன் செய்தளித்த பொங்குதமிழ் முதலாக எழுத்துரு மாற்றிகள் பல உண்டு. எல்லாவற்றிலும் இட்டுப் பார்த்தேன். பாதி தமிழாயிற்று, பாதி வேறேதோ ஆயிற்று. தட்டச்சு மையத்துக்காரர் தம் வசதிக்கேற்ப மாற்றியமைத்துக்கொண்ட எழுத்துரு போலும் அது. மையம் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன.

பிறகு ஒரு வழி தோன்றிற்று. கட்டமைத்த மூன்று இயல்களின் அச்சுப்படி என்னிடம் இருந்தது. அவற்றின் கோப்பும் அதே தகட்டில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று நானும் மாணவர் இருவரும் ஒரு கோடை விடுமுறை முழுதும் அட்டவணையிட்டோம். கல்வெட்டு வாசிப்பது போலத்தான். 180க்கும் மேற்பட்ட குறிகளைக் கண்டுபிடித்தோம். கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருந்ததால் ஒவ்வோர் எகர, ஒகர உயிர்மெய்யையும் முன்பின்னாகத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. பாடல்கள் ஏறக்குறைய முழுமையாக மீண்டன. இரண்டு குறிகள் மட்டும் எஞ்சின. அவை பாடல்களில் மட்டுமே வருகின்றன. அச்சான இயல்களில் வரவில்லை. ஆகவே திறவுகோல் இல்லை. அவை ஞகரத்தின் உகர, ஊகார உயிர்மெய்கள் என்பது வரை ஊகித்திருக்கிறோம். எது குறில், எது நெடில் என்பது தெரியவில்லை. மலைக்காட்டு வழக்குச் சொற்கள் அவை. எந்த அகராதியிலும் இல்லை.

ஓலைச்சுவடியில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று உ.வே.சா. திகைத்த இடங்கள் பல. வீரமாமுனிவர் வகுத்த வேறுபாடு அச்சுக்கு வந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. ஆயினும் சுவடியில் இருந்தது தமிழ் எழுத்து. படிக்கத் தெரிந்தவன் படிக்கலாம். நூற்றாண்டுகள் கடந்த சுவடியைப் படித்துவிடுகிறோம், பதினைந்தாண்டுக் குறுந்தகடு கைவிரிக்கிறது.

ஆகவே எங்கள் துறைக்கு நான் சொல்லும் முதல் செய்தி: எழுத்துரு வேறு, குறியாக்கம் வேறு. எழுத்துரு என்பது உடை. குறியாக்கம் என்பது உடம்பு. எட்டுநுண்மி எழுத்துருவில் உடை போனால் உடம்பும் போய்விடும். ஒருங்குறியில் எழுத்துரு மாறினாலும் ககரம் ககரமாகவே இருக்கும். துறையில் ஒரு நண்பர், பழைய எட்டுநுண்மி எழுத்துருவே வேண்டும் என்கிறார். அதன் அழகு ஒருங்குறி எழுத்துருக்களில் இல்லையாம். அழகில் அவர் சொல்வதை முற்றும் மறுக்கமாட்டேன். அச்சகத்தார்க்கும் அதுவே வசதி. அவர்கள் இன்னமும் பேஜ்மேக்கரில் வேலை செய்கிறார்கள். 2001இல் வெளியான 7.0 பதிப்போடு நின்றுபோன அம்மென்பொருளுக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. நாள் முழுதும் திருமண அழைப்பிதழ் அடிக்கும் கைகளின் பழக்கத்தை ஓர் அறிக்கையால் மாற்றிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அழைப்பிதழின் ஆயுள் ஒரு முகூர்த்தம். ஆய்வேட்டின் ஆயுள் அப்படியன்று. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை.

ஒருங்குறியில் எனக்கும் குறை உண்டு. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுத்த இஸ்கி என்னும் வரைவைத் தழுவி, 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். உயிர்மெய்கள் 216க்கும் தனி இடம் இல்லை. அதனினும் மேலாக, அங்கே அகரமேறிய ககரம் அடிப்படை. புள்ளி சேர்த்தால்தான் மெய். மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று முதலாண்டு மாணவர்க்கு இலக்கணம் நடத்திவிட்டு வந்து, கணினியில் அதைத் தலைகீழாகப் பார்க்கையில் மனம் சற்றுத் துணுக்குறத்தான் செய்கிறது. இக்குறையை நீக்கவே எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 வகுக்கப்பட்டது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் டேஸ்16 இருப்பது ஒருங்குறிப் பரப்பில் தனியார் பயன்பாட்டுக்கென விடப்பட்ட மனையில். அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் அது மீண்டும் கட்டங்கட்டமாகத்தான் தெரியும். இலக்கணத்துக்கு இணக்கமானது, ஊர்விட்டு ஊர் போகாதது. ஆய்வேடு ஊர்விட்டு ஊர் போக வேண்டும்.

சரி, ஒருங்குறி என்று முடிவாகிவிட்டது. என் மாணவியின் ஆய்வேடும் ஒருங்குறியில்தான் இருந்தது. ஓர் எழுத்தும் சிதையவில்லை. இருந்தும் ஏழு பக்கம் ஏன் கூடிற்று?

அவள் அமைத்திருந்தது லதாவில். எங்கள் தலைமுறைக்கு லதா என்றால் ஒரு தனிப் பாசம். விண்டோஸ் 2000உடன் வந்த முதல் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு அது. எக்ஸ்பி நாள்களில் மொழி அமைப்புக்குள் சென்று ஒரு கட்டத்தில் குறியிட்டு, மென்பொருள் குறுந்தகட்டைத் தேடியெடுத்துச் செருகினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். கொம்பு எழுத்தைவிட்டு விலகி நில்லாமல் சேரும். அன்று முகுந்தின் எ-கலப்பையை நிறுவி முதல் வரி தட்டிய மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. "லதா எல்லாக் கணினியிலும் இருக்குமே" என்று துறையில் மற்றொரு நண்பர் சொல்வது அந்நாளைய நினைவில்தான். விண்டோஸ் 7இல் விஜயா வந்தது. விண்டோஸ் 8இல் நிர்மலா யுஐ வந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் விருப்பத் தொகுப்பாகிவிட்டன. கணினியில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தவர்க்கு அவை வந்து சேரும், சேர்க்காதவர்க்கு வாரா. கடைக் கணினியில் தமிழ் சேர்க்கப்படவில்லை. ஆகவே லதாவின் இடத்தில் நிர்மலா வந்து அமர்ந்தது. அதன் எழுத்தகலம் வேறு, வரி உயரம் வேறு. ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி கீழே இறங்கினால் போதும், 84 பக்கம் 91 ஆகிவிடும்.

நிர்மலாவையே இயல்பிருப்பாக வைத்துக்கொள்ளலாமே என்றால், அது விண்டோஸின் உடைமை. ஆப்பிள் கணினியில் முத்து நெடுமாறன் வடித்த இணைமதியும் அவருடைய பிற எழுத்துருக்களும் இருக்கின்றன, நிர்மலா இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் இருப்பது நோட்டோ. எங்கள் மாணவர் பலர் வீட்டில், 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அண்ணன் அக்காள் வழியே வந்து இன்னும் இயங்குகிறது. அவற்றுள் தொடக்கத்தில் தந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவை மற்றோர் இயங்குதளத்தில் எடுத்து வைக்க உரிமம் இடந்தராது. மேலும் நிறுவனங்களின் இயல்பிருப்பு நிலையானதும் அன்று. ஆங்கிலத்துக்கே பாருங்கள்: வேர்டில் டைம்ஸ் நியூ ரோமன் இருந்தது, 2007இல் காலிப்ரி வந்தது, 2023இல் அது நீங்கி ஆப்டோஸ் வந்தது. அவர்கள் வணிகம் அவர்களுக்கு. நம் ஆய்வேடு அவர்களுடைய விருப்பத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டுமா?

எனவே, எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவைத் தேடுவதே வீண்வேலை; அப்படி ஒன்று தமிழுக்கு இல்லை. எல்லாக் கணினியிலும் உரிமைச் சிக்கலின்றி நிறுவக்கூடிய எழுத்துருவைத் தேட வேண்டும். திறந்த உரிமத்தில் வெளியானவை அத்தகையன. கூகிளின் நோட்டோ குடும்பம் அவற்றுள் பெரியது. எழுத்து இல்லாத இடத்தில் வரும் வெற்றுக் கட்டத்தைச் சோயாக்கட்டி என்று பொருள்படும் டோஃபு என்னும் சொல்லால் கேலி செய்வர். 'டோஃபு வேண்டா' என்பதன் சுருக்கமே நோட்டோ. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான், தாரிக் அஸீஸின் கவிவனார் முதலியனவும் திறந்த உரிமத்தவை. ஆனால் கவிவனார் கையெழுத்துச் சாயல் கொண்டது, தலைப்புக்கு ஆகும், 80 பக்கத்துக்கு ஆகாது. என் மனம் கவர்ந்தது மீரா இனிமை. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பார் தமிழுக்குச் செய்தளித்த எழுத்துரு அது. எங்கள் ஊர்ப் பெண்கள் நாள்தோறும் மலையேறிப் போய் அவர்கள் நாட்டு ஏலத்தைப் பறிக்கிறார்கள். மலைக்கப்பாலிருந்து நமக்கு ஓர் எழுத்துரு இறங்கி வந்திருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஆயினும் அதற்குத் தடித்த வடிவம் இல்லை. இயல் தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து வேண்டியிருக்கிறது. எனவே என் வாக்கு நோட்டோ செரிஃப் தமிழுக்கு.

இதைத் தேர்வதற்குத் தமிழ்த்துறை சார்ந்த காரணமும் ஒன்றுண்டு. வடமொழிச் சகரத்துக்கான ஶ என்னும் கிரந்த எழுத்து ஒருங்குறியில் சேர்ந்தது 2005இல். அதற்கு முன் வெளியான லதாப் பதிப்பில் அது கட்டம். பழைய கணக்கேடுகளில் வரும் முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் சேர்ந்தன. நோட்டோ குடும்பத்தில் இவற்றுக்கென்றே துணை எழுத்துரு உண்டு. பழைய நிலக் கணக்குகளை ஆராயும் மாணவர் இதுவரை பேனாவால் வரைந்து ஒட்டிய குறிகளை இனித் தட்டச்சிடலாம்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க இனிமையானது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. தும்பிக்கை லையும் ணையும் பாடநூல்களிலிருந்து விடைபெற்றன. ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே. பழைய வடிவம் வரைந்த எழுத்துருவைத் தேர்ந்தால் ஆய்வேடு முழுதும் ஒரு நொடியில் 1978க்கு முன் போய்விடும். மீண்டும் மாற்றினால் திரும்பி வந்துவிடும். உடை என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

எழுத்துருவைப் பெயர் சொல்லித் தேர்ந்தால் மட்டும் போதாது என்பதையும் அன்றைய இரவு கற்பித்தது. வேர்டு தமிழைச் 'சிக்கலான எழுத்துமுறை' என்னும் பிரிவில் வைத்திருக்கிறது. (சிக்கல் யாருக்கு என்று கேட்கத் தோன்றும், விட்டுவிடுவோம்.) அதனால் எழுத்துருப் பெட்டியில் இலத்தீன் எழுத்துக்கு ஓரிடம், சிக்கலான எழுத்துமுறைக்கு மற்றோரிடம், அளவும் தனித்தனி. மேலேயுள்ள இடத்தில் எழுத்துருவையும் 12 என்னும் அளவையும் மாற்றிவிட்டு, தமிழ் மாறவில்லையே என்று வியப்பவர் பலர். லிபரே ஆபீஸிலும் இப்பிரிவு உண்டு. இயல்பிருப்பை அமைக்கையில் இரண்டாம் இடத்தையே தமிழர் கவனிக்க வேண்டும். அதன்பின் 'எழுத்துருவைக் கோப்பில் உட்பொதி' என்னும் தெரிவைக் குறியிட்டால், உரிமம் இடந்தரும் எழுத்துரு கோப்போடு பயணப்படும். கைபேசியில் திறந்தால் அப்போதும் உறுதியில்லை. ஆகவே இறுதி வடிவத்தைப் பிடிஎப் ஆக்கியே அச்சுக்கடைக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். திருத்தத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என இரு கோப்புகள், அவ்வளவே.

இத்தனை செய்த பின்னும் என்றோ ஒருநாள், எவரோ ஒருவரின் கணினியில் அந்த எழுத்துரு இராது. பக்கங்கள் நகரும். அதற்கும் நாம் ஆயத்தமாக இருக்கலாம்; அதற்கான பயிற்சி நமக்கு முன்னமே உண்டு. திருக்குறளை நாம் பக்க எண்ணால் சுட்டுவதில்லை. குறள் எண்ணால் சுட்டுகிறோம். தொல்காப்பியத்தை நூற்பா எண்ணால், புறநானூற்றைப் பாட்டெண்ணால். இரு சுவடிகளில் ஏட்டெண் ஒத்திருக்காது என்று அறிந்த சமூகத்துக்கு வாய்த்த வழக்கம் இது. ஆய்வேட்டிலும் இயலுக்கும் பகுதிக்கும் எண்ணிட்டு, 'பக்கம் 47 காண்க' என்பதற்கு மாறாக '3.2 காண்க' என்று எழுதினால் எந்த எழுத்துரு வந்தமர்ந்தாலும் மேற்கோள் தவறாது. பொருளடக்கத்தைக் கையால் தட்டாமல் தலைப்புப் பாணிகளைக் கொண்டு தானே அமையவிட்டால் ஒரு சொடுக்கில் திருந்தும். அட்டவணையை இடைவெளிப் பொத்தானால் தள்ளித்தள்ளி நிறுத்தும் வழக்கத்தையும் விட்டாக வேண்டும். அன்றிரவு நாங்கள் பட்ட பாட்டில் முக்கால் பங்கு இவற்றால் வந்தது. அதில் என் மாணவியைவிட நெறியாளராகிய என் பிழையே மிகுதி.

அடுத்த கூட்டத்தில் அழகு பற்றிய பேச்சு மீண்டும் எழும். நோட்டோ செரிஃப் தட்டையாக இருக்கிறது, உயிர்ப்பில்லை என்பார் நண்பர். இருக்கட்டும். அட்டைக்கும் முகப்புக்கும் அவர் விரும்பும் எழுத்துருவை இட்டுக்கொள்ளட்டும். அதைப் படமாக்கிச் செருகிவிடலாம். உள்ளே 80 பக்கம் மட்டும் எனக்குத் தரட்டும்.

மீட்டெடுத்த பாடல்களை இப்போது ஒருங்குறியில், அதே எழுத்துருவில் அமைத்து முடித்துவிட்டேன். ஞகரம் வரும் அவ்விரு இடங்களில் மட்டும் சதுர அடைப்பு இட்டு வெற்றிடமாக விட்டிருக்கிறேன். அப்பாடல்களைப் பாடித் தந்த மூதாட்டி இன்று இல்லை. அவருடைய மகள் கோம்பையில் இருக்கிறார். அவரும் நெடுநாள் மலைக்குப் போனவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அச்சுப்படியை எடுத்துக்கொண்டு போகிறேன். வரியை நான் படிப்பேன். அடைப்பு வரும் இடத்தில் நிறுத்துவேன். அவர் வாயில் குறில் வருகிறதா நெடில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும்.